மூட்டை பிரியும் இடம்

போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் இறங்கும் ஏலக்காய் மூட்டைக்கு வாய் தைத்திருக்கும். போடிநாயக்கனூரில் பிரித்தால்தான் சரக்கு தெரியும். நாம் தட்டும் பாஸ்வேர்டும் அப்படித்தான் போகிறது. டிஎல்எஸ் என்ற தையல் வழி முழுக்கக் காக்கும், சர்வரில் பிரிந்துவிடும். சர்வர் அதை உள்ளபடியே பார்த்து, மூலத்தைத் திருப்பி எடுக்க முடியாத ஹேஷாக அரைத்து, முன்பே வைத்திருக்கும் ஹேஷோடு ஒப்பிட்டு ஆளை உள்ளே விடுகிறது.

நம் கணினியிலேயே அரைத்து அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான், தீர்வு பாதிக் கிணறு. அரைத்த மாவையே சாவியாக ஏற்றால், ஹேஷ் பட்டியலைத் திருடியவனுக்கு மூலச்சொல் எதற்கு? பட்டியலில் இருப்பதை நீட்டியே நுழைந்துவிடுவான். சர்வர் அரைக்கும்போது அது நடக்காது. ஒவ்வொரு சொல்லாக ஊகித்து அரைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு ‘உப்பு’, அதாவது தாறுமாறான எழுத்துக் கோவை, சேர்த்து, 1999இல் வந்த பிகிரிப்ட் முறை போல வேண்டுமென்றே மெதுவாக அரைத்திருந்தால் அவன் பாடு திண்டாட்டம். உப்பில்லாப் பண்டம் என்னவாகும் என்பதை லிங்க்ட்இன் 2012இல் காட்டியது: சுமார் 65 லட்சம் ஹேஷ்கள் வெளியே வந்தன.

எனக்கு உறுத்துவது, பிரிப்பதற்கும் அரைப்பதற்கும் நடுவே உள்ள அந்தக் கணம். 2018இல் ட்விட்டரில், அரைக்கும் முன்பே பாஸ்வேர்டுகள் உள் லாக் கோப்பில் பதிவாகியிருந்தன. சுமார் 33 கோடிப் பேரிடமும் மாற்றச் சொன்னார்கள். மறு வருடம் ஃபேஸ்புக்கிலும் இதே கதை. தையல் பிரியவில்லை, அரவையிலும் குறையில்லை, நடுவில் சிந்தியது. போலித் தளமென்றால் கேட்கவே வேண்டாம். அதற்கும் பிரவுசரில் பூட்டுக் குறி கிடைக்கும், மூட்டை பத்திரமாகத் திருடன் வீட்டுக்கே போய்ச்சேரும்.

பாஸ்வேர்டுக்கு மாற்றாக வந்த பாஸ்கீயில், பெரும்பாலும் நம் போனில் இருக்கும் ரகசியச் சாவி சர்வருக்குப் போவதே இல்லை. அது தளத்தின் பெயரோடு கட்டுண்டிருப்பதால் போலித் தளத்தில் திறக்காது. நுட்பமாகப் பார்த்தால் இதுவே மேல்.

ஆனால் கம்பம் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் பன்னீர் திராட்சை விவசாயி ஒருவர் மானிய விண்ணப்பத்துக்கு வந்திருந்தார்.

“பாஸ்வேர்டு என்னண்ணே?”

“ஒன் நோட்டுலதான எழுதி வச்ச, பாருப்பா.”

அந்த நோட்டில் பக்கத்துக்கு இருபது பேர். பாதுகாப்பு நிபுணர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் இரவல் கணினியில், கையில் எதுவும் இல்லாமல், ஒரு சொல்லை வைத்தே வேலை முடிந்தது. பாஸ்கீ என்றால் போன் வேண்டும்; அவர் வீட்டின் ஒரே டச் போன் மகனிடம், மகன் திருப்பூரில்.