ஒன்றே முக்கால் அங்குலத்தில் ஒரு தொழில்

ராத்திரி பதினொரு மணிக்கு மேல், ஜிஎஸ்டி ரோட்டு லாரிச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான் எங்கள் பெருங்களத்தூர் பட்டறையில் டிரான்ஸ்பார்மர் திருப்பும் வேலை நடக்கும். பெட்டியின் மூடியைக் கழற்றி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வட்ட டிரான்ஸ்பார்மரின் நடு போல்ட்டைத் தளர்த்தி மெல்லத் திருப்ப வேண்டும். கரண்ட் ஓடும்போதே செய்கிற வேலை என்பதால் இன்னொரு கை பாக்கெட்டுக்குள் இருக்கும். காதில் ‘ம்ம்ம்’ என்று இரைந்துகொண்டே வரும். ஓரிடத்தில் சட்டென்று அடங்கும். அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு இறுக்கிவிடுவேன். போல்ட்டின் கீழ்முனை தகட்டில் நிற்கிறது. மேல்முனை மூடியைத் தொட்டுவிட்டால் அந்தச் சுற்றே ஒரு கம்பிச்சுருளாகி டிரான்ஸ்பார்மர் கருகிப்போகும். இரண்டுக்கும் நடுவே நான் விடும் இடைவெளி மூன்று மில்லிமீட்டர்.

பெட்டி என்று நான் சொல்வது, கிட்டார் ஒலியில் எக்கோ, ரிவெர்ப், கோரஸ் சேர்க்கும் ரேக் எஃபெக்ட்ஸ். அகலம் 19 அங்குலம், உயரம் 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். தொழிலில் இதை ஒரு ‘யூ’ என்போம். 1922 வாக்கில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் தொலைபேசி நிலையச் சாமான்களை அடுக்குவதற்காக வகுத்த அளவு இது. பின்னாளில் ஒலிப்பதிவுக் கூடங்கள் எடுத்துக்கொண்டன. ஈவன்டைட் 1975இல் கொண்டுவந்த எச்910 ஹார்மனைசர் ரேக்குக்கென்றே பிறந்தது. எண்பதுகளில் பெரிய கிட்டார்காரர்கள் ஆளுயர ரேக்கோடு மேடையேறினார்கள். இன்றைக்கு உலகம் காலால் மிதிக்கும் பெடலுக்குப் போய்விட்டது. இந்தியாவில் கையால் செய்யும் சிறு கம்பெனி என்றால் மும்பையின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் போலப் பெடல் செய்பவர்களைத்தான் முதலில் சொல்வார்கள்.

நான் ரேக்கில் நிற்பதற்குக் காரணம், எங்கள் பெட்டியை வாங்குகிறவர் கிட்டார்காரர் அல்லர், சவுண்ட் சர்வீஸ்காரர். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் சர்ச் கன்வென்ஷனோ மெல்லிசைக் கச்சேரியோ எதுவானாலும் மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர், வயர்லெஸ் மைக் எல்லாம் அவருடைய இரும்புப் பெட்டியில்தான் வந்திறங்கும். அதே பெட்டியில் நாலு ஸ்க்ரூவில் முடுக்கிவிட்டால் கிட்டார் எஃபெக்ட்ஸும் சேர்ந்து வரும். யாரும் மிதிக்கமாட்டார்கள், பேட்டரி தேடவேண்டாம். வாத்தியத்தை வாடகைக்கு விடுவது இந்த ஊரில் பழைய வழக்கம். 1976இல் ஆர்.கே. சேகர் காலமான பிறகு, சிறுவன் ஏ.ஆர். ரஹ்மானின் குடும்பம் அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்குக் கொடுத்துத்தான் பிழைத்தது.

பின்னால் என் பெட்டி ஒன்று போய்ச்சேர்ந்த யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். கோயில் திருவிழாவானாலும் தேவாலய விழாவானாலும் பெட்டி வாடகைக்காரருடையது. மாறுவது, அந்தப் பெட்டியைத் திறந்து வேலை பார்க்கிறவன் கை எப்படி வளர்ந்தது என்பதுதான்.

என் கை ரிச்சி தெருவில் வளர்ந்தது. பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பார்க் ஸ்டேஷன். காலையில் ஒரு ஐ.சி. குறைந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கையில் இருக்கும். பழைய சாமான் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. தகடு வெட்டி மடிக்கக் கிண்டி தொழிற்பேட்டை, பவுடர் கோட்டிங்குக்கு அடுத்த தெரு. கையெட்டும் தூரத்தில் எல்லாம் கிடைக்கும் ஊரில் தொழில் தொடங்குவது சுலபம். அதே சுலபம் பக்கத்து ஆளுக்கும் உண்டு. நான் ஒரு எக்கோ பெட்டி விட்டேன்; ஆறு மாதத்தில் அதே போர்டு, அதே பொத்தான் வரிசை, ஐந்நூறு ரூபாய் குறைவில் இன்னொரு பெயரில் வந்து நின்றது. அன்றைக்கு நான் செய்தது, இங்கே பலரும் செய்வது: ஐ.சி.களின் முதுகில் இருக்கும் நம்பரை உப்புத்தாளால் தேய்த்து அழித்தேன். சிலவற்றின் மேல் கறுப்பு எபாக்ஸியும் ஊற்றினேன். சர்க்யூட் படத்தை யாருக்கும் காட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அப்படித் தேய்த்த பெட்டிகளில் ஒன்று, உறவினர் ஒருவரோடு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. ஒன்றரை வருஷத்தில் அது ஊமையானது. 2022 டிசம்பரில் சென்னை–பலாலி விமானம் மறுபடி தொடங்கிய பின், அடுத்த ஆண்டு நானே போனேன். ஸ்டான்லி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு திருத்தகம். உள்ளே மலிபன் பிஸ்கட் டின்கள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் பழைய டி.வி., ரேடியோப் போர்டுகளிலிருந்து ஈயம் உருக்கிக் கழற்றிய கெப்பாசிட்டர், ட்ரான்சிஸ்டர். கழற்றியதை ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து, நல்லதென்றால் கால்களை நிமிர்த்தி டின்னில் போடுகிறார் திருத்துகிறவர். மேசையில் என் பெட்டி திறந்து கிடந்தது.

“தம்பி, சாமான் நல்லாத்தான் செய்திருக்கிறீர். ஆனா நம்பரைச் சுரண்டிப்போட்டீர். இனி இதை ஆர் திருத்திறது?”

கோபம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. “இல்லை அண்ணை, காப்பி அடிக்கிறார்கள்” என்றேன். அவர் பேசாமல் சால்டரிங் அயனை ஈரப் பஞ்சில் துடைத்தார். பிறகு எபாக்ஸியைச் சூடுகாட்டிச் சுரண்டியெடுக்க அவருக்கு ஆன நேரம் ஒரு முழுப் பகல். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே இருந்தது பிடி2399.

அந்த ஐ.சி.யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி செய்த பதினாறு கால் சில்லு. வரும் ஒலியை டிஜிட்டலாக்கி, தன் நினைவகத்தில் சற்றுநேரம் வைத்திருந்து திருப்பித் தரும். ஆறாவது காலில் போடும் ரெசிஸ்டர்தான் அந்தத் தாமதத்தைத் தீர்மானிக்கும், 27.6 கிலோ ஓம் போட்டால் 342 மில்லி செகண்ட். கரோக்கே ஆம்ப்ளிஃபையரில் எக்கோவாக முழங்குவதும், வெளிநாட்டில் கையால் செய்து விற்கும் எத்தனையோ கிட்டார் டிலே பெடலில் இருப்பதும் இதுவே. இதன் நம்பரைத் தேய்த்து நான் காப்பாற்றிய ரகசியம் என்ன? காப்பி அடித்தவனுக்கு அது தெரியாமலா இருந்தது? பதினாறு காலையும் ஐந்து வோல்ட்டையும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். தெரியாமல் தவித்தவர், பெட்டியைப் பிழைக்கவைக்க நினைத்த ஒரே மனிதர்.

அவர் கை அப்படி வளர்ந்ததற்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. உள்ளே வரக்கூடாத பொருள்களின் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். அந்த ஊரில் ஒரு கெப்பாசிட்டர் வேண்டுமென்றால் இன்னொரு செத்த சாதனத்துக்குள் தேடுவதைத் தவிர வழியில்லை. ஏ9 சாலை 2002இல் திறந்தது, 2006இல் மூடியது, 2009 கடைசியில் மறுபடி திறந்தது. திறந்த பிறகு கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து சாமான் வரத் தொடங்கியது. 2022இல் அமெரிக்க டாலர் இருநூறு இலங்கை ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குத் தாவியது. ஒருநாளில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டும் வந்தது. டின்கள் மறுபடி நிரம்பின.

தட்டுப்பாடு யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கிளாரன்ஸ் விஜேவர்தன 1966இல் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். வடக்கில் நித்தி கனகரத்தினம் துள்ளிசை பாடினார். ஆனால் 1977இல் இறக்குமதியைத் திறந்துவிடும்வரை இலங்கையில் ஒரு ஆம்ப்ளிஃபையர் கெட்டால் இன்னொன்று வாங்குவது லேசான காரியமில்லை. ஆக, திருத்துகிறவனுக்கு அங்கே நம்மிடம் இல்லாத மரியாதை உண்டு. ‘மெக்கானிக்’ என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவதில்லை. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார்கள். நம் பக்கம் சவுண்ட் சர்வீஸ்காரர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எக்ஸ்சேஞ்ச் உண்டா சார்?”

ஆனாலும் அந்தப் பக்கத்தை முழுக்கப் புகழ என் மனம் ஒப்பவில்லை. என் பெட்டியைத் திறந்தவர் அதைத் திருத்தியதோடு நிற்கவில்லை. உள்ளீட்டு எர்த் வயரை இடம் மாற்றி, நான் டிரான்ஸ்பார்மரைத் திருப்பித் திருப்பிக் குறைத்த இரைச்சலை இன்னும் பாதியாக்கியிருந்தார். இவ்வளவு தெரிந்தவர் தன் பெயர் போட்டு ஒரு பெட்டிகூடச் செய்ததில்லை. கேட்டால், “ஆர் வாங்கப் போகினம்?” என்கிறார். சந்தை சிறிது என்பது உண்மை. உதிரிப் பாகத்துக்குச் சுங்கம், 2024 ஜனவரி முதல் பதினெட்டு சதவீத வாட் வரி, ஒரு தகட்டை 19 அங்குலத்துக்கு நேர்த்தியாக மடித்து வாங்கவே அலைச்சல். எல்லாம் சரி. ஆனால் பெயர் போட்டுச் செய்யாத அறிவு அந்த மேசையோடு முடிந்துவிடும். இந்தப் பக்கத்தில் பெங்களூரின் ராஜ் நாராயண் 1979இல் மின்னணுத் தம்பூராவைச் செய்தபோதும் சந்தை இருந்ததா என்ன? பாடகர்கள் இருந்தார்கள். ராடெல் என்று பெயர் போட்டு விற்றார். சந்தை பின்னால் வந்தது. துணிந்து செய்து பார்ப்பதும், கெட்டுப்போனால் அடுத்த வடிவத்தில் சரிசெய்வதும் நம்மிடம் இருக்கிற நல்ல பழக்கம்.

அரசாங்கக் காகிதத்திலும் நமக்கு வழி கொஞ்சம் அகலம். உத்யம் பதிவு வீட்டிலிருந்தே முடிந்தது. மின்னணு இசைக் கருவிகளுக்கான பிஐஎஸ் கட்டாயப் பதிவு முன்பு 200 வாட்டிலிருந்துதான் இருந்தது; பிறகு அதற்குக் கீழானவற்றுக்கும் வந்துவிட்டது.  ஜிஎஸ்டி வரம்பு சரக்குக்கு 40 லட்சம் என்றாலும், பக்கத்து மாநிலத்துக்கு விற்பதென்றால் முதல் பெட்டியிலேயே பதிவு வேண்டும்; புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய பின் பெட்டியை மாற்றினேன். முதலில் வயர். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் அங்கே இப்போது சதுர முனைப் பதின்மூன்று ஆம்பியர் பிளக், இங்கே உருண்டை முனை. நிரந்தரமாகக் கோத்த வயரை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் வயர் சொருகுகிற சாக்கெட்டை ஃபியூஸோடு பின்னால் வைத்தேன். ஐ.சி.களை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் உட்காரவைத்தேன். எர்த் வயர் அவர் போட்ட இடத்தில் வருகிறது. எபாக்ஸி கிடையாது, உப்புத்தாள் கிடையாது. சர்க்யூட் படத்தை ஏ4 தாளில் அச்சடித்து, ஒவ்வொரு முனையிலும் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்று எழுதி, லேமினேட் செய்து மூடியின் உட்பக்கம் ஒட்டுகிறேன்.

இதற்குப் பிறகும் ஒருவர் காப்பி அடித்தார். அவருடைய பெட்டி இரைகிறது; ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்போன் மாட்டி டிரான்ஸ்பார்மர் திருப்ப அவருக்குப் பொறுமை இல்லை. தாளில் அச்சடிக்க முடியாத அந்த உழைப்புக்குத்தான் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் எனக்குக் காசு கொடுக்கிறார்கள்.

சென்னையிலும் கோவையிலும் கொழும்பிலும் ஆம்ப்ளிஃபையரோ மிக்ஸரோ எக்கோ பெட்டியோ செய்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நம்பரை அழிக்காதீர்கள். படத்தை மூடிக்குள் ஒட்டுங்கள். யாழ்ப்பாணத்து அண்ணைமாரிடம் இன்னொன்று: அடுத்த பெட்டியை நீங்கள் செய்யுங்கள், முன்பலகையில் உங்கள் பெயரைப் போடுங்கள். தகடு கிண்டியில் வெட்டித் தருகிறேன்.