பால்கோவாவுக்குப் பழுப்பு எங்கிருந்து வந்தது? வேதியியலை ரசிப்பது எப்படி

அக்டோபர் வந்தால் நோபல் செய்தி வரும். வேதியியல் என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். கேட்டால், "அதெல்லாம் படிச்சவங்களுக்கு" என்பார்கள். அதே ஆட்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் பக்கம் அரைக் கிலோ பால்கோவா வாங்கும்போது, "கெமிக்கல் கலக்கலையே?" என்று கடைக்காரரை மடக்குவார்கள். பாலே கெமிக்கல்தான் ஐயா! அடுப்பில் ஏற்றினால் அது இன்னும் நூற்றுக்கணக்கான கெமிக்கலாகப் பெருகுகிறது. அதனால்தான் தெருவே மணக்கிறது.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடலாம். என்ன இருந்தது, என்ன ஆனது, ஏன் ஆனது? இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்தால் போதும். உதாரணமாக, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பஞ்சிழைமேல் இயற்கையான மெழுகு உண்டு, தண்ணீர் ஒட்டாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் மெழுகு கழன்றுவிடும், துணி ரத்தத்தை உறிஞ்சும். முதல் பாடம் முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடியுங்கள்.

பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர். மிச்சம் கொழுப்பு, புரதம், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, கொஞ்சம் உப்புகள். தண்ணீரைச் சுண்டவைத்தால் பால்கோவா என்று நினைத்தால் பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள். வெள்ளைப் பாலில் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டுக் கிண்டினால் இளம்பழுப்பு எப்படி வந்தது?

"சர்க்கரை கேரமல் ஆகுது" என்று சமையல் வீடியோக்காரர்கள் கூசாமல் சொல்கிறார்கள். ஆகவில்லை. நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை கேரமல் ஆவதற்குச் சுமார் 160 டிகிரி வேண்டும். வாணலியில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை அவ்வளவாகத் தாண்டாது. அடிப்பிடித்த இடத்தில் வேண்டுமானால் கேரமலைத் தேடுங்கள். நம்பிக்கை வரவில்லையா? சர்க்கரை போடாமல் பாலை மட்டும் சுண்டவையுங்கள். அதுவும் நிறம் மாறும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் சீக்கிரம் பழுப்பேறும்.

இது மெய்லார்டு வினை. லாக்டோஸின் ஒரு முனை சும்மா இருக்காது. பால் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைச் சர்க்கரைக்கு அப்படி விடுபட்ட முனை கிடையாது. இனிப்பைக் கொடுப்பதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது. லூயி காமில் மெய்லார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1912-ல் இந்த வினையைப் பற்றி எழுதினார். அமெரிக்க வேளாண் துறையில் இருந்த ஜான் ஹாட்ஜ் 1953-ல் அதன் படிகளை வரைந்து காட்டினார். கடைசிப் படியில் வரும் பழுப்புப் பொருள்களுக்கு மெலனாய்டின் என்று பெயர். அவற்றின் முழு அமைப்பு இன்றுவரை ஆய்வாளர்களுக்குப் பிடிபடவில்லை. கேரமலில் சர்க்கரை தனியாக வெந்து உடைகிறது. மெய்லார்டில் சர்க்கரையும் புரதமும் கைகோக்கின்றன. முன்னதில் கருகல் கலந்த இனிப்பு, பின்னதில் வறுத்த மணம். இந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியாதவர், என்னைக் கேட்டால், பால்கோவாவை வெறும் இனிப்பாகத்தான் தின்கிறார்.

புரதம் என்றதும் நோபலுக்கு வருவோம். 2024-ல் வேதியியல் நோபல், கம்ப்யூட்டரில் உருவாக்கிய, கணித்த புரத வடிவங்களுக்காகக் கிடைத்தது: டேவிட் பேக்கருக்குப் பாதி, டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் மறுபாதி. "கம்ப்யூட்டர் வேலை வேதியியலா?" என்று ஒரு கட்சி, "இனி ஆய்வுக்கூடமே வேண்டாம்" என்று இன்னொரு கட்சி. இரண்டுமே மேம்போக்கு. நம் பாலின் முக்கியப் புரதமான கேசீனுக்கு நிலையான மடிப்பே கிடையாது. அதன் ஒற்றை வடிவத்தைச் சொல் என்றால், ஹசாபிஸ், ஜம்பர் குழுவின் ஆல்ஃபாஃபோல்டு நிரலும் திணறும். குலைவதற்கு வடிவம் இல்லாததால்தான் பால் எவ்வளவு கொதித்தாலும் கேசீன் முட்டை வெள்ளைபோல் கட்டியாவதில்லை. ஆகவே பால் திரியாமல் நிதானமாகச் சுண்டுகிறது. மெய்லார்டுக்கு நேரம் கிடைக்கிறது.

2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்த் தண்ணீர், மாட்டுத் தீவனம் என்று பெருமை பேசுகிறோம். அடிப்பிடிக்காமல் கிண்டும் கையைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசலாம். சூட்டை வாணலி முழுக்கச் சமமாகப் பரப்புவது அந்தக் கைதான்.

இனி, கடைக்குப் போனால் சாக்லேட் பால்கோவா பக்கம் திரும்பாதீர்கள். கொக்கோ எல்லா மணத்தையும் மூடிவிடும். ஃப்ரிட்ஜில் வைக்காததை வாங்குங்கள். முதலில் முகருங்கள், பிறகு வாயில் போடுங்கள். நாள்பட்டது மணல்போல் நறநறத்தால், "சர்க்கரை கரையலை" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். லாக்டோஸ் வெள்ளைச் சர்க்கரை அளவுக்குத் தண்ணீரில் எளிதில் கரையாது. அதுதான் பெரும்பாலும் படிகமாகியிருக்கும். பழுப்பு ஏற ஏற லைசின் சத்து கொஞ்சம் குறையும், உண்மைதான். சத்துக்காகப் பால்கோவா தின்கிறவர் யார்?

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். வெளுப்பாக இருப்பதுதான் சுத்தம் என்பவரை நம்பாதீர்கள். கிண்டுகிற இடத்துக்கே போய், "வாணலி ஓரத்துல ஒட்டினது கொஞ்சம் கிடைக்குமா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். முறைப்பார். முறைத்தாலும் கேளுங்கள், மெய்லார்டு அதிகம் நடந்தது அங்கேதான்.