கட்டுப் போட்ட கரடியின் இரவு

ஒரு கண்ணில் கட்டுப் போட்ட மஞ்சள் கரடி பட்ஸியை பிரிட்டனில் தெரியாத பிள்ளைகள் அரிது. பிபிசியின் 'சில்ட்ரன் இன் நீட்' நிகழ்ச்சிக்கு அது 1985இல் வந்து சேர்ந்தது. நவம்பர் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் பாடகர்களும் நடிகர்களும் கூடி, நாட்டின் நலிந்த பிள்ளைகளுக்காக நிதி திரட்டும் இரவு அது. டெரி வோகன் உள்ளிட்ட தொகுப்பாளர்கள் 1980இல் நடத்திய முதல் இரவிலேயே 10 லட்சம் பவுண்டு சேர்ந்தது.

இந்தப் பணம் பெரும்பாலும் சிறிய அமைப்புகளுக்குப் போகிறது. தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைக்கு ஆறுதலாக இருப்பவர்கள், நோயுற்ற பெற்றோரைப் பராமரிக்கும் சிறுவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது ஓய்வு தருபவர்கள் எனப் பெரிய நன்கொடையாளர் கண்ணில் படாத இடங்கள் அவை. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தது ரிக்‌ஷாப் பயணம். 2011இல் தொகுப்பாளர் மேட் பேக்கர் எடின்பரோவிலிருந்து லண்டன்வரை மிதித்துத் தொடங்கிவைத்தார். பின்னர், உதவி பெற்ற இளையோரே மிதிக்கத் தொடங்கினார்கள். மேட்டில் மூச்சு வாங்க ஏறும் ஒரு பெண்ணைப் பார்க்கும்போது இரக்கம் வருவதில்லை, மதிப்பு வருகிறது.

ஆனால் நிகழ்ச்சியில் அடுத்து வரும் குறும்படத்திலேயே மெல்லிய இசை, கலங்கிய கண், நன்கொடைக்கான எண். பிள்ளையின் துயரம் பணம் கேட்கும் கருவியாகிவிடுகிறது. இந்தப் பாணி காயப்படுத்தும் என்பது புதிய செய்தியன்று. ஐடிவி தொலைக்காட்சி நடத்திய 'டெலிதான்' நிகழ்ச்சிக்கு எதிராக 1992இல் மாற்றுத்திறனாளிகள் லண்டனில் திரண்டு, தங்களுக்கு வேண்டியது உரிமை, பரிதாபம் அல்ல என்றார்கள். அதன்பின் அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை, திரையில் சொல்லப்படாமல் போவது. 2018இல் ஒரே இரவில் 5 கோடிப் பவுண்டுக்கு மேல் திரண்டது. பிரிட்டனில் வறுமையில் வாழும் பிள்ளைகள் ஏறத்தாழ 45 லட்சம். பகிர்ந்தால் ஆளுக்குப் 11 பவுண்டு. பணம் அப்படிப் பகிரப்படுவதில்லை என்பது உண்மை. அளவு புரியவே இந்தக் கணக்கு. மறுபக்கம், 2017 ஏப்ரலில் வந்த ஒரு விதி, ஏழைக் குடும்பத்தில் அதன்பின் பிறந்த மூன்றாவது பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைகளுக்கும் உரிய கூடுதல் அரசு உதவியை நிறுத்தியது. அண்மை ஆண்டுகளில் அந்த இழப்பு, பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டுக்கும் மேல்.

பிபிசி அரசியலில் நடுநிலை காக்க வேண்டிய நிறுவனம். இத்தகைய விதிகளைப் பற்றி அந்த மேடையில் பேச்சே எழுவதில்லை. அதனால் வறுமை என்பது புயல்போலத் தானாக வந்த ஒன்றாகத் தோன்றுகிறது. கொடுப்பவர் மனம் நிறைகிறது. ஏன் இந்த நிலை என்ற கேள்வி எழாமலே உறங்கப் போகிறார். நல்ல மனங்கள் லட்சக்கணக்கில் ஒன்றுகூடும் ஓர் இரவு இப்படி வீணாவதுதான் என்னை வருத்துகிறது.

2025 நவம்பர் நிதிநிலை அறிக்கையில், மூன்றாவது பிள்ளை குறித்த அந்த விதியை நீக்குவதாக அரசு அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் அதை எதிர்த்துப் பேசியவர்களால் வந்த மாற்றம் அது. தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ரிக்‌ஷா மிதித்த பிள்ளைகளுக்கு மேடையில் ஐந்து நிமிடம் கொடுங்கள். தங்கள் வீட்டில் எதனால் பணம் போதாமல் போனது என்று அவர்களே சொல்லட்டும்.