அரங்கும் செவியும்: உள்ளரங்கில் நாகசுரம் குறித்த மதிப்பீடு

நாகசுரம் மூடிய அரங்கிற்கு ஒவ்வாத பேரொலிக் கருவி என்னும் கருத்து கருநாடக இசைத் திறனாய்வில் பெரிதும் ஐயுறப்படாமல் வழங்கி வருகிறது. அக்கருத்து சுட்டுவது கருவியின் இயல்பையா, அரங்கின் இயல்பையா என்பதே இக்கட்டுரையின் வினா.

கோயில் திருச்சுற்றும் வீதியுலாவும் நாகசுரத்தின் மரபான களங்கள். திறந்த வெளியில் ஒலி பரவிக் கரைகிறது. கேட்போர் தமக்கேற்ற தொலைவில் நிற்கின்றனர். அரங்கிலோ சுவர்களில் பட்டு மீளும் ஒலி நேரொலியோடு கலக்கிறது. தவிலின் விரைவுச் சொற்கள் தெளிவிழக்கின்றன. கேட்பவரின் தொலைவை இருக்கை வரிசை வரையறுத்துவிடுகிறது. ஒலிவாங்கியும் சேரும்போது எழும் இரைச்சல் கருவியின் குறையாகவே கொள்ளப்படுகிறது.

வீணையோடு ஒப்பிடின் இது விளங்கும். சிற்றறைக்குரிய வீணையும் பேரரங்கிற்குப் பொருந்தாததே. எனினும் அக்குறையை ஒலிபெருக்கி ஈடுசெய்தது. வீணையின் மென்மை நுண்மையாகப் போற்றப்படுகிறது. நாகசுரத்திற்கு வேண்டியவை ஒலிவாங்கியை அகற்றல், ஒலியுறிஞ்சும் திரையிடல் போன்ற எளிய மாற்றங்களே. அவை விவாதப் பொருளாவது அரிது. திமிரியினும் நீண்ட, தாழ்சுருதியுடைய பாரி நாகசுரத்தை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பரவலாக்கியதையும் இங்கு நினைத்தல் தகும். கருவி மாறியபோதும் மதிப்பீடு மாறவில்லை.

சபா விழாக்களில் நாகசுரம் பெரும்பாலும் தொடக்க மங்கல இசையளவில் நிற்பதற்கு ஒலியியல் மட்டுமே காரணமன்று. இசை வேளாளர் உள்ளிட்ட மரபினரை விலக்கி நிறுத்திய சமூகப் படிநிலையும் காரணமாகும். 'பேரொலி' என்னும் சொல் அப்படிநிலையை இயற்கை விதிபோல் தோன்றச் செய்கிறது. ஆகவே, இசைத் திறனாய்வு கலைஞரின் வாசிப்போடு அரங்கின் அமைப்பு, ஒலிவாங்கியின் பயன்பாடு, கேட்ட தொலைவு ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும்.