பயிலரங்கு முடிந்த பிறகு யாரிடம் கேட்பது?

செப்ட்2, மார்ச்1 என்று மனித மரபணுக்கள் இரண்டு இருந்தன. எக்செல் தாளில் அந்தப் பெயர்களைத் தட்டினால், தேதி என்று எடுத்துக்கொண்டு செப்டம்பர் 2, மார்ச் 1 என மாற்றிவிடும். 2016இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் மூவர், ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளின் எக்செல் இணைப்புகளைச் சோதித்தார்கள். மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. 2020இல் மரபணுப் பெயரிடும் குழு அவற்றின் பெயர்களையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்ற வேண்டியதாயிற்று. 2021இல் வெளிவந்த அடுத்த ஆய்விலோ பிழையுள்ள கட்டுரைகளின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட தரவை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு, அது என்ன செய்தது என்று பார்க்கத் தெரியாத நிலை இது. உயிர்த்தகவலியல் பயிலரங்குகள் எதற்கு என்று கேட்பவருக்கு நான் காட்டும் முதல் சான்றும் இதுதான். ஆனால் அந்தப் பயிலரங்குகளே போதுமா என்றால், என் பதில் வேறு.

இத்துறையில் பலரும் பின்பற்றும் வடிவம் ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’ வகுத்தது. 1998இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் கிரெக் வில்சனும் பிரெண்ட் கோர்டாவும் அதை ஒரு வார வகுப்பாகத் தொடங்கினார்கள். பின்னாளில் அது இரண்டு நாள் பயிலரங்காகச் சுருங்கியது. 2014இல் ‘டேட்டா கார்பென்ட்ரி’ பிறந்தது. 2018இல் இரண்டும் ‘தி கார்பென்ட்ரீஸ்’ என ஒன்றாயின. யூனிக்ஸ் கட்டளைகள், பைத்தான் அல்லது ஆர் மொழி, நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் ஆகியவைதான் அடிப்படைப் பாடங்கள்.

கற்பிக்கும் முறையில் இதற்கு ஈடான வகுப்பறையைப் பல்கலைக்கழகங்களில் காண்பது அரிது. ஆசிரியர் படக்காட்சி ஓட்டுவதில்லை. திரையில் ஒவ்வொரு வரியாக நிரலைத் தட்டுகிறார், கற்பவர்களும் கூடவே தட்டுகிறார்கள். ஆசிரியர் கை தவறி ஓர் எழுத்தை விட்டுவிட்டால் பிழைச் செய்தி எல்லார் கண்முன்னும் வருகிறது. அதைப் படித்து, காரணம் தேடித் திருத்துவதையும் எல்லாரும் பார்க்கிறார்கள். பிழை வந்தால் தன் அறிவில்தான் குறை என்று அஞ்சும் உயிரியல் மாணவருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஒவ்வொருவரிடமும் இரண்டு நிற ஒட்டுத்தாள்கள் இருக்கும். வேலை முடிந்தால் பச்சையை மடிக்கணினியில் ஒட்டலாம், சிக்கிக்கொண்டால் சிவப்பை ஒட்டலாம். உதவியாளர் தேடி வருவார். கை தூக்கிக் கேட்கக் கூசுகிறவர்களை இந்தச் சிறு ஏற்பாடு எவ்வளவோ காப்பாற்றுகிறது. பாடங்கள் அனைத்தும் எவரும் எடுத்தாளும் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

சிக்கல் பயிற்சித் தரவில் தொடங்குகிறது. டேட்டா கார்பென்ட்ரியின் மரபணுத்தொகுதிப் பாடம், ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் தொடங்கிய நெடுங்காலப் பரிணாமச் சோதனையின் ஈ.கோலி தரவை எடுத்துக்கொள்கிறது. உண்மையான ஆய்வின் தரவு என்பதால் தேர்வு அருமையானது. ஆனால் அந்த நுண்ணுயிரியின் மரபணுத்தொகுதி சுமார் 46 லட்சம் எழுத்துகள்தான். வகுப்பு நேரத்துக்குள் ஓடி முடிய வேண்டும் என்று வரிசைக் கோப்புகளையும் நறுக்கிச் சிறிதாக்கிவிடுகிறார்கள். மனித மரபணுத்தொகுதியில் 300 கோடி எழுத்துகள். அதைக் கையாளும் மாணவர் ஆய்வகத்துக்குத் திரும்பி அதே கட்டளையை ஓட்டினால் நினைவகம் போதாமல் பாதியில் நிற்கும், மென்பொருளின் பதிப்பு பொருந்தாது, கோப்பின் வடிவம் வேறாக இருக்கும். அப்போது சிவப்புத் தாளைப் பார்த்து வர அங்கே யாரும் இல்லை.

2017இல் டேவிட் ஃபெல்டன் குழுவினர் அமெரிக்க தேசிய அறிவியல் கழக ஆய்விதழான ‘பிநாஸ்’-இல் வெளியிட்ட முடிவு பயிலரங்கு நடத்துகிறவர்களைக் கேள்வி கேட்கவைப்பது. 53 நிறுவனங்களில் உயிரியல் முனைவர் பட்டம் பயிலும் 294 பேரை ஆராய்ந்ததில், குறுகிய காலப் பயிற்சிக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் ஆய்வுத் திறனில் வேறுபாடு தெரியவில்லை. இதை வைத்துப் பயிலரங்குகளே வீண் என்று சொல்வது நியாயமில்லை. மாணவர்களின் ஆய்வு எழுத்தை மதிப்பிட்டுப் பொதுவான ஆய்வுத் திறனைத்தான் அவர்கள் அளந்தார்கள். நிரல் எழுத வருமா என்று சோதிக்கவில்லை. ஆனால் கார்பென்ட்ரீஸ் தன் பக்கம் காட்டும் சான்றும் வலுவானதன்று. ஆறு மாதம் கழித்து அனுப்பும் படிவத்தில் கற்றவர்கள் தாங்களே தருகிற பதில்கள் அவை. நம்பிக்கை கூடியது என்கிறார்கள், நானும் ஏற்கிறேன். ஆனால் நம்பிக்கை வேறு, திறன் வேறு. பயன்பட்டவர்களே மெனக்கெட்டுப் பதில் அனுப்புவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனக்கு இவற்றைவிட ஆழமாகப் படுவது ஆப்பிரிக்காவின் அனுபவம். நிக்கோலா மல்டர் தலைமையில் கேப்டவுனை மையமாகக் கொண்ட எச்3ஏபயோநெட் என்ற உயிர்த்தகவலியல் வலையமைப்பு, 2016இல் ஓர் அறிமுக வகுப்பு நடத்தியது. 10 நாடுகளின் 20 நிறுவனங்களில் 364 பேர் சேர்ந்தார்கள். மூன்று மாதம், வாரம் இரண்டு வகுப்புகள். இணையம் விட்டு விட்டு வரும் இடங்கள் என்பதால் உரைகளை முன்கூட்டியே பதிவுசெய்து அனுப்பினார்கள். நேரலையைக் கேள்விகளுக்கு வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வகுப்பறையிலும் உள்ளூர் உதவி ஆசிரியர்கள் இருந்தார்கள். முதல் வாரம் புரியாததை மூன்றாம் வாரம் கேட்கலாம். இடையில் தன் ஆய்வுத் தரவில் முட்டிமோதிவிட்டு வந்தும் கேட்கலாம். வகுப்பு முடிந்த பிறகும் அந்த உதவி ஆசிரியர் அதே ஊரில்தான் இருப்பார். இரண்டு நாள் வடிவத்தால் தர முடியாதது இதுதான். குறை இதற்கும் உண்டு. இந்த வலையமைப்பைத் தாங்கிய எச்3ஆப்பிரிக்கா திட்டத்தின் வெளிநாட்டு நிதி 2022இல் முடிந்தது. வெளிப்பணத்தில் வளர்ந்த ஆட்களை உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் தம் செலவில் வைத்துக்கொள்ளுமா என்பதே அங்கே பெரிய கேள்வி.

அந்தக் கேள்வி ஆப்பிரிக்காவோடு நிற்பதில்லை. பயிலரங்குகளை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். மற்றவரின் நிரலைத் திருத்திக் கொடுத்த மணிநேரங்கள் அவர்களுடைய பதவி உயர்வில் எண்ணப்படுவதில்லை. பிரிட்டனில் 2012இல் ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ என்ற பணிப்பெயரை முன்வைத்து ஓர் இயக்கமே எழுந்தது; இன்று பல பல்கலைக்கழகங்களில் அதற்கு ஊதியத்தோடு பணியிடம் உண்டு. ஆனாலும் நிதி தருபவர்கள் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சான்றிதழ் போயிற்று என்று மட்டும் கேட்கிறவரை இரண்டு நாள் பயிலரங்குகளே பெருகும், ஏனென்றால் தலை எண்ணுவது அங்கே எளிது. ஆறு மாதம் கழித்துக் கற்றவரின் சொந்தத் தரவில் ஒரு நிரல் ஓடுகிறதா, ஓடாதபோது அவர் யாரிடம் போனார் என்று கேட்கத் தொடங்கினால், நிதி விண்ணப்பத்தில் மண்டப வாடகைக்கும் உணவுக்கும் பக்கத்தில் அந்த மனிதரின் சம்பளமும் இடம்பெற்றாக வேண்டியிருக்கும்.