மஞ்சள் சுவர்த்தாளும் நமது நாற்பது நாட்களும்

சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' 1892இல் அமெரிக்காவில் வெளிவந்த சிறுகதை. பெண்ணியக் கதையென்றும் பேய்க்கதையென்றும் அதைப்பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஆனால், அது அண்மையில் பிள்ளை பெற்ற ஒரு தாயின் கதை என்ற எளிய விடயம் பல வேளைகளில் பின்னுக்குப் போய்விடுகிறது. நமக்கு அதுதான் முக்கியம்.

கதை சொல்லும் இளந்தாயின் கணவன் ஜோன் ஒரு வைத்தியர். வெறும் நரம்புத் தளர்ச்சி என்று முடிவுகட்டி, வாடகை வீடொன்றின் மேல்மாடி அறையில் அவளை ஓய்வில் வைக்கிறான். எழுதக்கூடாது என்பது கட்டளை. பிள்ளையை வேறொருத்தி பார்க்கிறாள். வீட்டைக் கணவனின் சகோதரி பார்க்கிறாள். அவளுக்கு மிஞ்சியது சுவரில் ஒட்டிய மஞ்சள் தாள் மட்டுமே. அதன் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருப்பதாகக் காணத் தொடங்குகிறாள். கடைசியில் தாளைக் கிழித்துவிட்டுச் சுவரோரமாகத் தவழ்கிறாள்.

இது கில்மன் பட்டதிலிருந்து பிறந்தது. 1885இல் மகள் பிறந்தபின் அவர் கடும் மனச்சோர்வில் வீழ்ந்தார். 1887இல் சிலாஸ் வெயர் மிச்செல் என்ற பிரபல நரம்பு வைத்தியர் படுக்கை ஓய்வு கொடுத்து, இனிப் பேனாவையே தொட வேண்டாமென்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அதன்படி நடந்து மனம் பேதலிக்கும் விளிம்புவரை போனதாக 1913இல் கில்மனே எழுதினார்.

கதையின் பலம், ஜோனைக் கொடியவனாகக் காட்டாததில் இருக்கிறது. அவன் மனைவியை நேசிக்கிறான். மருந்து, சாப்பாடு, காற்று எல்லாம் கவனிக்கிறான். தனக்குச் சுகமில்லை என்று அவள் சொல்வதை மட்டும் காதில் எடுப்பதில்லை.

நம் வீடுகளிலும் கவனிப்புக்குக் குறைவில்லை. நாற்பது நாளும் சரக்கு, பத்தியம், வெந்நீர். உம்மா, மாமி, ராத்தா என்று வீடு நிறைய ஆட்கள். வருகிறவர்கள் கேட்பது, "புள்ளைக்குப் பால் காணுதா? ராவைக்குத் தூங்குதா?" என்றுதான். "ஒன்ட மனசு எப்படி இருக்கு மகள்?" என்று கேட்பார் அரிது. அவள் அழுதால், "ஈமான் குறைஞ்சிட்டு, தொழுகையில கவனமில்ல" என்கிறோம். நிபாஸ் நாட்களில் தொழுகையே கடமையில்லாதவளிடம் இப்படிச் சொல்வது என்ன நியாயம்? பிரசவ வேதனையில் மரணத்தையே விரும்பிய மர்யம் (அலை) அவர்களுக்குக் கண்டிப்பு வரவில்லை. ஆறுதலும் நீரும் பேரீச்சம்பழமும்தான் வந்தன.

கதையில் குறையும் உண்டு. பிள்ளை ஓரிரு வரியோடு மறைந்துவிடுகிறது. தாயின் குற்றவுணர்வு விரிக்கப்படவில்லை. வைத்தியத்தையே நம்பக்கூடாது என்று வாசகர் முடிவெடுக்கவும் இடமுண்டு. அது பிழை. மிச்செலின் காலம் போய்விட்டது. இன்று இது உளவளத்துணையாலும், தேவையானபோது பாலூட்டும் தாய்க்கும் பொருத்தமான மருந்துகளாலும் சுகப்படுத்தக்கூடிய நோய். உலக சுகாதார அமைப்பின் கணக்கில், பிரசவித்த தாய்மாரில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள்.

1987இல் உருவான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாள் மனநிலையைக் கேட்பவை. அவற்றைக் கேட்டால், மாமியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் நிலையில் மருமகளை வைக்கக்கூடாது. தனியே பேசவிட வேண்டும். அழுகையும் சோர்வும் இரண்டு கிழமை தாண்டினால் மிட்வைஃபிடமோ வைத்தியரிடமோ சொல்ல வேண்டும். தன்னையோ பிள்ளையையோ வருத்தும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

இந்தக் கதையைப் பெண்களைவிடக் கணவன்மார் வாசிப்பது அவசியம். ஜோனிடம் தங்கள் சாயல் எவ்வளவு இருக்கிறதென்று அவர்கள்தான் பார்க்க வேண்டும்.