கயிறு மாறிய பிறகு: நரி பரியாக்கிய படலத்தை ஒரு கொள்முதலாக வாசித்தல்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 59ஆவது நரி பரியாக்கிய படலம், 60ஆவது பரி நரியாக்கிய படலம். இரண்டையும் பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். கதை உங்களுக்குத் தெரியும். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்து வாதவூரரை அனுப்புகிறான். பணம் திருப்பெருந்துறைக் கோயிலுக்குப் போய்விடுகிறது. சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி, தானே குதிரை வணிகனாக மதுரைக்கு ஓட்டி வருகிறார். ராத்திரி அவை மறுபடி நரியாகி லாயத்தையே நாசம் செய்துவிட்டு ஓடுகின்றன. காலையில் வாதவூரர் வைகைச் சுடுமணலில் நிற்கிறார்.

தெய்வத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு இதை வெறும் வியாபாரமாகப் படித்துப் பாருங்கள். நான் மென்பொருள் துறையில் இருபது வருடமாக இருக்கிறேன். ஒரு பொருளை டெலிவரி எடுக்கும் நாளில் என்னென்ன தப்பு நடக்கும் என்று பார்ப்பதே பாதி வேலை. அந்தக் கண்ணுக்கு இந்தப் படலம் அசலான கொள்முதல் காட்சி. குதிரைகள் ஊர்வலமாக வருகின்றன, நடை காட்டப்படுகிறது. பஞ்ச கல்யாணி எது, அட்டமங்கலம் எது, எந்தச் சுழி நல்லது என்று பரி இலக்கணம் சொல்லப்படுகிறது. கடைசியில் கயிறு மாற்றிக் கொடுக்கிறார்கள். கயிறு கைமாறினால் வியாபாரம் முடிந்தது, அதற்கு மேல் வரும் நல்லது கெட்டது வாங்கியவர் பாடு. அந்தச் சடங்கின் பொருள் அதுதான்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. இலக்கணத்தை எடுத்துச் சொல்பவர் விற்பவரே. டெஸ்ட் எழுதுவதும் அவர், பாஸ் போடுவதும் அவர். இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். சோதனையில் பாண்டியன் ஏமாறவே இல்லை. பகலில் அவை உண்மையிலேயே நல்ல குதிரைகள். நிறம் சரி, சுழி சரி, நடை சரி. குறை உடம்பில் ஒளிந்திருக்கவில்லை, நேரத்தில் ஒளிந்திருந்தது. உரை சொல்பவர்கள் இந்த இடத்தை அற்புதம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். என் வாசிப்பில் குதிரை வியாபாரத்தின் அடிப்படைச் சிக்கலைப் பரஞ்சோதியார் பிடித்த இடம் இது. குதிரை வாங்கி நொந்துபோன யாரிடமாவது கேளுங்கள். நேற்று பரியாக இருந்தது இன்று நரியாகிவிட்டது என்றுதான் வேறு வார்த்தைகளில் சொல்வார்கள்.

சுழியை இங்கேயே முடித்துவிடுகிறேன். தஞ்சை சரசுவதி மகால் 1952இல் வண்ணப் படங்களோடு பதிப்பித்த நகுலரின் அசுவ சாஸ்திரம் தொடங்கி இன்றைய அந்தியூர் குதிரைச் சந்தை வரை சுழிக்கு இருக்கும் மவுசு தனி. சுழி என்பது முடி வளரும் திசை. பிறவியில் அமைந்தது, மாறாது. மாறாத ஒன்று, நேற்று வந்த நொண்டலை எப்படிச் சொல்லும்? வெளிநாடுகளில் குதிரைக்குப் பாஸ்போர்ட் எழுதும்போது சுழிகளைக் குறித்துக்கொள்கிறார்கள், அடையாளத்துக்காக. அதாவது சுழி ஒரு சீரியல் நம்பர். ஆள் மாறாட்டத்தைத் தடுக்கும். ஆரோக்கியத்தைப் பற்றி வாய் திறக்காது.

இனி, கதைக்கு வெளியே இருந்த பாண்டியர்களைப் பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதுவது: அரசன் வருடத்துக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே, வருடக் கடைசியில் 100 கூட மிஞ்சுவதில்லை. குதிரை வைத்தியம் தெரிந்த ஆள் இங்கே இல்லை. இருக்கவும் கூடாது என்று வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்களாம். எண்கள் கொஞ்சம் ஊதியவையாக இருக்கலாம். ஆனால் இந்த வைத்தியர் கதையை நம்மூர் வரலாற்றுக் கட்டுரைகள் அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சாலிஹோத்திரர் பெயரில் ஒரு குதிரை வைத்திய மரபே இருந்த நாடு இது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் கல்வெட்டில் வருகிறார்கள். அறிவுப் பஞ்சம் என்ற ஒரே காரணம் போதாது.

பாரசீகத்தில் இருந்து எழுதிய வஸ்ஸாப் நல்ல துப்பு ஒன்று தருகிறார். அவர் கணக்கில் ஒரு குதிரை 220 தினார். வழியில் அடிபட்டாலும் செத்தாலும் அரசுக் கருவூலம் விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். விஜயநகரத்திலும் இதே கூத்து. கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் சாளுவ நரசிம்மன் முழு விலையும் கொடுத்ததாக நூனிஸ் எழுதியிருக்கிறார். வாலுக்கே காசு கிடைக்கும்போது எந்த வணிகன் கால் நல்ல குதிரையாகத் தேடிப் பொறுக்குவான்? போட்டி அரசனுக்குப் போகாமல் குதிரை நம்மிடம் வர வேண்டும் என்ற அவசரத்தில் பரிசோதனை என்ற படியையே எடுத்துவிட்டார்கள்.

வஸ்ஸாப் சொல்லும் இன்னொன்று: வந்த குதிரைகளை 40 நாள் முளையடித்துக் கயிற்றில் கட்டிப் போட்டு, வறுத்த பார்லியும் வெண்ணெய் சேர்த்த தானியமும் கொடுத்துக் கொழுக்க வைத்தார்கள். காய்ச்சிய பால் வேறு. அவர் தென்னாட்டுக்கு வந்தவராகத் தெரியவில்லை, கேட்டு எழுதியவர். இருந்தாலும் எந்தக் கால்நடை மருத்துவரிடமும் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள், முதலில் குளம்பைத்தான் பார்க்கச் சொல்வார். தானியம் மிஞ்சி, நடை குறைந்தால் குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் திசு வீங்கும். லாமினைட்டிஸ் என்பார்கள். பாண்டியன் லாயத்தில் செத்தவற்றில் ஒரு பங்காவது இப்படிப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

சரி, இது எனக்கு ஏன் இப்போது? பாகூர் பக்கம் என் நண்பர் ஒருவர் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட ஒரு பெண் குதிரை பார்த்தார். ஒன்றரை லட்சம் பேச்சு. மனைவியின் நகையை அடகு வைக்கும் பணம் அது. தரகர் சுழியைக் காட்டினார், பல்லைக் காட்டினார், பதமான மண் தரையில் ஓட்டிக் காட்டினார். "தங்கம்ணே, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். நண்பர் என்னிடம் சுழிப் படத்தை அனுப்பி, இதற்குச் சாஸ்திரத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். எங்க வில்லியனூர்க் குயவர்கள் சுடும் அய்யனார் குதிரை வாங்க வேண்டுமானால் படம் போதும், அது நொண்டாது என்று பதில் போட்டேன்.

பார்க்க வேண்டியது வேறு. மெத்தென்ற மண்ணில் குளம்பு வலி தெரியாது. தார் ரோட்டிலோ சிமெண்ட் தரையிலோ, கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு துள்ளு நடையில் நேராக ஓட்டி வரச் சொல்ல வேண்டும். தலையைப் பாருங்கள். நோகும் முன்கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது இறக்கும். பின்காலில் வலி என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும். மூட்டை ஒரு நிமிடம் போல மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓட்டிப் பார்ப்பது மருத்துவர் செய்யும் சோதனை. அதன் முடிவைப் படிக்கவும் அனுபவம் வேண்டும். குளம்பின் மேல் வளையங்கள் முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் இருந்தால், பழைய லாமினைட்டிஸ் வந்துபோன தடயமாக இருக்கலாம். பல் வயதைச் சொல்லும், சின்ன வயதில் நன்றாகவே சொல்லும். வயது ஏற ஏறத் தோராயம்தான், அராவி ஏமாற்றவும் முடியும்.

ஆனால் இதெல்லாம் மறுபடியும் பகல் சோதனை. விற்பவர் கையில் இருப்பது நேரம். நாம் போவதற்கு முன்பே ஒரு மணி நேரம் நடத்தி வைத்திருந்தால் சில வகை இறுக்கம் தளர்ந்துவிடும். ஃபினைல்பியூட்டசோன் மாதிரி வலி மருந்து போட்டிருந்தால் அன்றைக்கு எந்தக் காலும் நோகாது. அதனால்தான் வாங்கும் நாளில் ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தும் பழக்கம் பல நாடுகளில் வந்தது. நண்பரிடம் நான் சொன்னது, சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போங்கள், கட்டுத்தறியில் இருந்து வெளியே வரும் முதல் இருபது அடியைப் பாருங்கள் என்பது. போனார். குதிரை தார் ரோட்டில் தலையாட்டிக்கொண்டு வந்தது. "ராத்திரி ஒரு பக்கமா படுத்துடுச்சுண்ணே, கொஞ்சம் நடந்தா சரியாயிடும்" என்றாராம் தரகர். சரியும் ஆனது, பத்து நிமிடத்தில்!

நேரத்தில் ஒளியும் இந்தக் குறையைச் சட்டம் எழுதியவர்கள் கவனித்திருக்கிறார்கள். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் சிவில் சட்டத்தில் 1641ஆம் பிரிவு, மறைந்த குறைக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது. கால்நடைக்கென்றே பிரான்சில் 1838 மே 20 அன்று ஒரு தனிச் சட்டம் வந்தது. பழைய காயத்தால் விட்டுவிட்டு வரும் நொண்டல் அதன் பட்டியலில் இருக்கிறது. வழக்குப் போடக் கெடு 9 நாள். அவ்வப்போது வந்து போகும் கண் அழற்சி ஒன்று உண்டு, அதற்கும் வலிப்புக்கும் மட்டும் 30 நாள். ஏன் 30? தினமும் தலைகாட்டாத நோய்க்கு 9 நாள் போதாது, அவ்வளவுதான். கயிறு மாறியதும் முடிந்தது என்ற விதியை விட இது எவ்வளவு விவரமான ஏற்பாடு! பாண்டியனுக்கு ஒரே ஒரு ராத்திரி கிடைத்திருந்தால் போதும்.

நம்முடைய 1872 ஒப்பந்தச் சட்டம் வேறு மாதிரி. 17ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்க எடுத்துக்கொள்ளும் உதாரணமே குதிரைதான். நலமில்லாத குதிரை என்று தெரிந்தே ஏலத்தில் விற்பவன் வாய் திறக்காமல் இருந்தால், அது மோசடி அல்ல. படித்ததும் கோபம் வரும். ஆனால் அங்கேயே இன்னொரு உதாரணம் கொஞ்சம் கீழே இருக்கிறது: நீ மறுக்காவிட்டால் குதிரை நலமென்று எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவன் சொல்லி, அதற்கும் விற்பவன் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஆக, கேள்வியைக் கேட்டாக வேண்டும். சாட்சி வைத்து, முடிந்தால் எழுதி. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் இடத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நண்பர் சொன்னார். தரகர் சிரிக்கவில்லை, வேறு கிராக்கி வந்திருப்பதாகப் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். நகை வீட்டிலேயே இருக்கிறது.

படலத்தில் ஒரு வரிச் சம்பவமாகக் கடந்துபோகும் இன்னொன்றும் உண்டு. நரிகள் ஓடும் முன் லாயத்தில் ஏற்கெனவே இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. வாங்கிய அன்றே புதுசைப் பழசோடு கட்டியதால் வந்த நஷ்டம் அது, குதிரை விலையில் சேராதது. கிளாண்டர்ஸ் என்ற தொற்று குதிரையிலிருந்து குதிரைக்கும், மனிதனுக்கும்கூடப் பரவும். இந்தியாவில் அது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய், உறுதியானால் குதிரையைக் கொன்றுதான் ஆக வேண்டும். நண்பர் இன்னும் குதிரை தேடிக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டில் கல்யாணத்துக்குப் போகும் கிழட்டு ஆண் குதிரை ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. அடுத்ததை முடிவு செய்யும் முன், குரும்பாப்பேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனைக்கு வழி கேட்கச் சொல்லியிருக்கிறேன். புதுசுக்குத் தனிக் கொட்டகையை இப்போதே, தோட்டத்தின் அந்தக் கோடியில் போடச் சொல்லியும் இருக்கிறேன்.